கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

போன வருஷம் எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு நான்தான் ஸ்டூடன்ட் கோஆர்டினேட்டர். எனக்குக் கீழே செகண்ட் இயர் பசங்க பன்னிரண்டு பேர். தினமும் கிளாஸ் முடிஞ்சதும் நாலரைக்கு மீட்டிங். அதுல ஒரு தம்பி மட்டும் நாலு ஐம்பது ஆனதும் பையைத் தோளில் மாட்டிவிடுவான். "அண்ணே, நான் கிளம்புறேண்ணே." அவ்வளவுதான் பேச்சு. மூன்று நாள் பார்த்தேன். நாலாவது நாள் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன்: "இந்தக் காலத்துப் பசங்களுக்கு கமிட்மென்ட்டே இல்லடா. எங்க பேட்ச்ல எல்லாம் ராத்திரி ஒன்பது வரைக்கும் இருந்து வேலை பார்த்தோம்."

எங்க பேட்ச்! அவனுக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு வருஷம்தான். இருபது வயதில் நான் "இந்தக் காலத்துப் பசங்க" என்று ஆரம்பித்துவிட்டேன். அப்போது அதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

அவன் பதில் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். சிம்போசியம் எல்லாம் முடிந்த பிறகுதான் அவன் பெஞ்ச்மேட் சொல்லித் தெரிந்தது. அரிமளம் தாண்டி உள்ளே போகிற கிராமம் அவனுடையது. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து அவன் ஊருக்குக் கடைசி பஸ் ஆறு பத்துக்கு. அதை விட்டால் மெயின் ரோட்டில் இறங்கி கருவேலங்காட்டு வழியாக ஐந்து கிலோமீட்டர் நடக்கணும். இன்னொன்றும் சொன்னான். ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம், பேர்ப்பட்டியல், யார் பணம் கட்டினார் யார் கட்டலை என்கிற கணக்கு எல்லாத்தையும் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து போனிலேயே போட்டுக் கொடுத்தது அவன்தான். தினமும் காலையில் அந்த ஷீட் அப்டேட் ஆகியிருக்கும். யார் செய்கிறார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

இதைப் படிக்கிற நீங்க அநேகமாக ஃபைனல் இயராக இருப்பீங்க, இல்லை அடுத்த வருஷம் ஆவீங்க. வேலைக்குப் போன ஆறாவது மாசத்தில் உங்க மேனேஜர் நான் சொன்ன அதே வாக்கியத்தை உங்களைப் பார்த்துச் சொல்வார். இரண்டு வருஷம் கழித்து, கைக்குக் கீழே நாலு ஃப்ரெஷர்களைக் கொடுத்ததும், அதே வாக்கியத்தை நீங்க அவங்களைப் பார்த்துச் சொல்வீங்க. இளைய தலைமுறையை எப்படி நிர்வகிப்பது என்று மேனேஜர்களுக்கு ஏசி ஹாலில் பயிற்சி வகுப்பெல்லாம் நடக்கிறது. நிர்வகிக்கப்படப் போகிற நாம மட்டும் இதைப் பேசுவதே இல்லை. அதனால் கொஞ்சம் பேசலாம்.

பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்ட் பேப்பரில் தியரி எக்ஸ், தியரி ஒய் எழுதாதவர் நம்மில் யார்? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த டக்ளஸ் மெக்ரிகர் 1960-இல் எழுதிய புத்தகத்தில் வருவது. மனுஷனுக்கு இயல்பிலேயே வேலை பிடிக்காது, மிரட்டினால்தான் செய்வான் என்று நினைக்கிற முதலாளி எக்ஸ். பொறுப்பைக் கொடுத்தால் அவனாகவே செய்வான் என்று நினைக்கிறவர் ஒய். நாம இரண்டு காலம் போட்டு டேபிள் வரைவோம், மார்க் வந்துவிடும். ஆனால் டேபிளுக்குள் அடங்காத ஒரு விஷயத்தையும் மெக்ரிகர் சொல்கிறார். முதலாளி ஊழியரைப் பற்றி என்ன நினைக்கிறாரோ, அதற்குத் தகுந்த மாதிரிதான் ஆபீஸை நடத்துவார். அப்படி நடத்த நடத்த ஊழியரும் அப்படியே ஆகிவிடுவார். சோம்பேறி என்று நினைத்து ஒருத்தனை நடத்தினால் கொஞ்ச நாளில் அவன் சோம்பேறியாகவே நடந்துகொள்வான். முதலாளியும் "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்ல" என்பார். அந்தத் தம்பி அடுத்த சிம்போசியத்துக்குப் பேர் கொடுக்காமல் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஒய் மாதிரி நடந்த இடம் உண்டா என்று கேட்டால், ஜப்பானுக்கோ சிலிக்கான் வேலிக்கோ போக வேண்டியதில்லை. நம்ம மாவட்டத்திலேயே இருக்கு. நம்ம அம்மா, சித்தி, பெரியம்மா வயசுக்காரங்க அதுக்கு சாட்சி.

1990 பிப்ரவரியில் கேரளத்தின் எர்ணாகுளம், முழு எழுத்தறிவு பெற்ற இந்தியாவின் முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதே பாணியில் 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட நிர்வாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் கைகோத்து நடத்தினார்கள். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். சொல்லிக் கொடுக்க வேண்டியது மாவட்டம் பூராவும் எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்த பெரியவர்களுக்கு. சொல்லிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் இளவயதினர். படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள், வேலை தேடிக்கொண்டிருந்த பையன்கள். சம்பளம் கிடையாது.

எங்க பெரியம்மாவுக்கு அப்போ பத்தொன்பது வயசு. பிளஸ் டூ முடித்துவிட்டு மாப்பிள்ளை பார்க்கும்வரை வீட்டில் இரு என்று உட்கார வைக்கப்பட்டவர். சாயங்காலம் களையெடுத்துவிட்டு வருகிற பத்துப் பெண்களைக் கோயில் திண்ணையில் உட்கார வைத்து, அரிக்கேன் விளக்கை நடுவில் வைத்து அ, ஆ சொல்லிக் கொடுத்தாராம். பத்துப் பேரில் ஏழு பேர் அவருக்கு அம்மா வயசு. ஒருத்தர் சொந்த அத்தை! கவனிச்சீங்களா, இங்கே சின்னவங்க பெரியவங்களை நிர்வகிக்கிறாங்க. நம்ம பயிற்சி வகுப்புகளில் இந்தப் பக்கத்தை யாரும் பேசுவதில்லை.

வகுப்பு நடத்துவதில் ஒரு சிக்கல் வந்தது. உள்கிராமங்களுக்குப் பஸ் இல்லை. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு மேற்பார்வைக்குப் போகிற பெண் தொண்டர்கள் அப்பாவோ அண்ணனோ கூட்டிப் போனால்தான் போக முடியும். இதை "இந்தப் பெண்பிள்ளைகளுக்கு ஈடுபாடு பத்தலை" என்று ஃபைலில் எழுதி மூடியிருக்கலாம். ரொம்பச் சுலபம். அங்கே நடந்தது வேறு. போக்குவரத்துதான் தடை என்று கண்டுபிடித்து, பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுப்பதை எழுத்தறிவு வேலையின் ஒரு பகுதியாகவே சேர்த்தார் கலெக்டர். சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கும்படி வங்கிகளையும் நெருக்கினார். தொண்டர்கள் ஓட்டுவதைப் பார்த்துப் படிக்க வந்த பெண்களும் கேட்டார்கள். பிறகு கல் குவாரியில் வேலை செய்கிறவர், விவசாயக் கூலி, நர்ஸ், டீச்சர், பூ விற்கிறவர் என்று ஆளாளுக்கு ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோய், பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கி ஓட்டினார்கள். அதில் பார் இருப்பதால் குழந்தையை முன்னால் உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு, மணியடித்தபடி புதுக்கோட்டைக்குள் ஊர்வலம் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதிய பிறகு வெளிநாட்டிலும் பேசினார்கள். நம்ம காலேஜில் கேட்டுப் பாருங்க, பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் இரண்டு வருஷம் முன்னால் வரை தெரியாது.

"உங்களை யாரும் கட்டாயப்படுத்தலை, காசும் தரலை, அப்புறம் ஏன் பெரியம்மா தினமும் போனீங்க?" என்று கேட்டேன்.

"கூட்டத்துல எங்களையும் நாற்காலில உக்கார வச்சாங்கடா. என்ன கஷ்டம்னு கேட்டாங்க. சைக்கிள் இல்லைன்னு சொன்னோம், சைக்கிள் வந்துச்சு. அதுக்கு மேல போகாம எப்படி இருக்குறது?"

இதில் ஒரு மாய மந்திரமும் இல்லை. கேட்டாங்க, பதில் வந்தது, அதை வைத்து ஒரு காரியம் நடந்தது. மூன்றாவது நடக்காவிட்டால் முதல் இரண்டும் வீண். இப்போ கம்பெனிகளில் வருஷா வருஷம் எம்ப்ளாயி சர்வே எடுக்கிறார்கள். பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்பார்கள். அந்தப் பதிலெல்லாம் எங்கே போகிறது என்று வேலைக்குப் போன சீனியர்களைக் கேளுங்க, சிரிப்பாங்க.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடணும். அறிவொளியை உதாரணமாகச் சொன்னதும் சில முதலாளிகளுக்குக் குஷியாகிவிடும். "பார்த்தீங்களா, அந்தக் காலத்தில் காசே வாங்காம உழைச்சாங்க!" என்பார்கள். அது மக்கள் இயக்கம். அதில் யாரும் லாபம் பார்க்கவில்லை. லாபம் பார்க்கிற கம்பெனி "பேஷனோடு வேலை பார்" என்று சொல்லி ஓவர்டைம் பணத்தை விழுங்குவதற்கு அதைச் சாட்சியாகக் கூப்பிடக் கூடாது. இன்னொன்று, எங்க பெரியம்மா மாதிரி எத்தனையோ பேருக்கு இயக்கம் ஓய்ந்த பிறகு வீடும் அடுப்பும்தான். ஒரு பத்தொன்பது வயதுப் பெண் ஒரு வருஷம் ஊரையே கட்டி மேய்த்திருக்கிறார். அந்தத் திறமைக்கு ஒரு வேலை தரணும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இப்போ மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறார். "கையெழுத்து மட்டும் அப்படியே இருக்கு" என்று சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

சரி, நம்ம தலைமுறைக்கு வருவோம். ஜென் இசட் என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க. 1997 முதல் 2012 வரை பிறந்தவர்கள் என்பது அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் போட்ட கோடு. அங்கே நடந்த சம்பவங்களை வைத்து அவங்க நாட்டுக்குப் போட்டது. நம்ம மேனேஜர்கள் அதை அப்படியே எடுத்து ஆலங்குடிப் பையனுக்கும் ஒட்டுகிறார்கள். பொறுமை இல்லை, போனை விட்டுத் தலை நிமிராது, ஒரு வார்த்தை பொறுக்காது என்று.

என் பேட்சையே எடுத்துக்கொள்கிறேன். பதின்மூன்று வயதில் நெடுவாசல் போராட்டம் பார்த்தோம். நம்மில் சில பேர் அந்தப் பந்தலில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினோம். 2018 நவம்பர் 16, கஜா புயல். ஆலங்குடி, கீரமங்கலம், கறம்பக்குடி பக்கம் இருந்தவங்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அப்பா வைத்த தென்னை ஒரே ராத்திரியில் தரையில் கிடந்தது. நாள் கணக்கில் கரண்ட் இல்லை. 2020-இல் பத்தாம் வகுப்புப் பரீட்சையே ரத்தாகி எல்லாரும் பாஸ். அடுத்த வருஷம் ஒரு வீட்டில் ஒரு போன், அதில் அக்காவுக்குக் காலேஜ் கிளாஸ், தம்பிக்கு ஸ்கூல் கிளாஸ். இதையெல்லாம் தாண்டி வந்தவனை இன்டர்வியூவில் "கொரோனா பேட்ச்தானே?" என்று கேட்டுச் சிரித்ததாக ஒரு சீனியர் சொன்னார். பொறுமையைப் பற்றி எங்களுக்கு யார் பாடம் எடுப்பது?

ஒரு புயலைப் பார்த்தவனுக்கு முப்பது வருஷத் திட்டத்தில் நம்பிக்கை குறைவாகத்தான் இருக்கும். தென்னை வைத்தால் பேரன் காலம் வரை சோறு போடும் என்று சொல்லித்தானே அப்பா வைத்தார். "அஞ்சு வருஷம் பொறுத்தா இந்தக் கம்பெனி உன்னை எங்கேயோ கொண்டுபோகும்" என்று சொன்னால் நாங்கள் தலையாட்டிவிட்டு அடுத்த வேலையையும் தேடுவோம். இது திமிர் இல்லை, பார்த்த பாடம்.

நம்ம மாவட்டத்திலிருந்து காலேஜுக்கு வராமல் நேரே வேலைக்குப் போன நம்ம வயசுப் பெண்கள் நிறையப் பேர். ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், திருப்பூர் என்று போகிறார்கள். உங்க தெருவிலேயே ஒருத்தர் இருப்பார். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் தயாரிக்கிற ஃபாக்ஸ்கான் ஆலையில் நடந்தது ஞாபகம் இருக்கா? அங்கே வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த ஒரு ஹாஸ்டலில் சாப்பாடு விஷமாகி இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. 159 பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கூட இருந்தவர்களுக்குத் தோழிகள் எப்படி இருக்காங்க என்று தெளிவாக யாரும் சொல்லவில்லை. சில பேர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பியது. ராத்திரியோடு ராத்திரியாகப் பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் இறக்கவில்லை. ஆனால் அதைச் சொன்னபோது நம்புகிற நிலையில் அவர்கள் இல்லை. ஆலை மூடப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் ஃபாக்ஸ்கானைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12-ஆம் தேதிதான் ஆலை திரும்பத் திறந்தது.

அந்த ஹாஸ்டல்களில் தரையில் நெருக்கியடித்துப் படுத்தார்கள், தண்ணீர் வராத கழிவறை இருந்தது என்றெல்லாம் பிறகுதான் செய்திகளில் வந்தது. ஒரு நிமிஷத்தில் எத்தனை பீஸ் வருகிறது என்று அளக்கத் தெரிந்த ஆலை அது. அந்தப் பீஸைச் செய்கிற பெண் ராத்திரி எங்கே படுக்கிறாள் என்பது எந்தச் சார்ட்டிலும் இல்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய குடியிருப்பை முதலமைச்சர் திறந்து வைத்தார். நல்ல விஷயம். ஆனால் அந்தப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து இரண்டரை வருஷத்துக்குப் பிறகு. அவர்களை "உணர்ச்சிவசப்பட்ட சின்னப் பிள்ளைகள், வாட்ஸ்அப் வதந்தியை நம்பிட்டாங்க" என்று சொன்னவர்களும் அப்போது இருந்தார்கள். நம்பிக்கையான தகவல் ஆபீஸிலிருந்து வராத இடத்தில் வாட்ஸ்அப்தான் ஆபீஸ் ஆகும். இதுக்கு ஜென் இசட் என்ன செய்யும்?

அடுத்தது விசுவாசம். "ஒரு கம்பெனியில் நிலையா நிக்க மாட்டேங்கிறாங்க" என்பது நம்மீது உள்ள பெரிய புகார். வடகாடு, கீரமங்கலம் பக்கம் ஆடி மாசம் மொய் விருந்து நடக்கும், தெரியும்ல? கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள். யார் எவ்வளவு செய்தார் என்று நோட்டில் எழுதி வைப்பார்கள். அவர் விருந்து வைக்கும்போது கூடச் சேர்த்துத் திருப்பிச் செய்யணும். செய்யாவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. என்னைக் கேட்டால் விசுவாசமும் மொய் மாதிரிதான். இரண்டு பக்கமும் நோட்டு இருக்கணும்.

கம்பெனி பக்கத்து நோட்டைப் புரட்டுவோமா? பெரிய ஐ.டி. சர்வீஸ் கம்பெனிகளில் ஃப்ரெஷருக்கு வருஷம் சுமார் மூன்றரை லட்சம். பத்து வருஷத்துக்கும் மேலாகக் கிட்டத்தட்ட அதேதான். எங்க மெஸ் பில் அப்படி நிற்கவில்லை. இன்ஃபோசிஸில் 2022-இல் ஆஃபர் லெட்டர் வாங்கியவர்களில் ஒரு பகுதியினர் வேலையில் சேர்ந்தது 2024-இல். அப்படிச் சேர்ந்தவர்கள் உட்பட 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை 2025 பிப்ரவரியில் மைசூரு வளாகத்திலிருந்து அனுப்பினார்கள். மூன்று வாய்ப்பு கொடுத்தும் தேர்வில் தேறவில்லை என்பது கம்பெனி சொன்ன காரணம். இருக்கலாம். இரண்டு வருஷம் காத்திருந்தவன் நோட்டில் அதை எந்தக் கணக்கில் எழுதுவது? இந்த நேரம் பார்த்துத்தான் ஒரு பெரியவர் வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொன்னார், இன்னொருவர் 90 என்றார். ஏலம் மாதிரி ஏறியதே தவிர, மொய் நோட்டை யாரும் திறக்கவில்லை.

இதுவரை படித்துவிட்டு நீங்க ஜாலியாகத் தலையாட்டியிருந்தால், இனி எழுதப் போவது கொஞ்சம் கசக்கும். நம்ம பக்கமும் நோட்டு சுத்தமாக இல்லை.

திருச்சிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் ஒரு மாசம் இன்டர்ன்ஷிப் போனேன். ஒரு பெரிய மோட்டார் பக்கத்தில் நிறுத்தி, மணிக்கு ஒரு தரம் பேரிங் சூட்டைப் பார்த்து லாக் ஷீட்டில் எழுதச் சொன்னார் சூப்பர்வைசர். எதுக்கு சார் என்றேன். "கேள்வி கேக்காத, எழுது" என்றார். இரண்டு நாள் ஒழுங்காக எழுதினேன். மூன்றாவது நாள் மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரைக்கும் உள்ள நாலு கட்டத்தையும் மூன்று மணிக்கே நிரப்பிவிட்டு உட்கார்ந்து ரீல்ஸ் பார்த்தேன். 61, 62, 61, 62. யார் படிக்கப் போறா?

படித்தார் ஒருத்தர். ரிட்டயர்மென்டுக்கு இரண்டு வருஷம் இருந்த ஆபரேட்டர். என்னை மாட்டிவிடவில்லை. டீ குடிக்கும்போது பழைய ஃபைல் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். பல வருஷத்துக்கு முந்தைய தாள். அதில் 62, 64, 67, 71 என்று ஏறிக்கொண்டே போயிருந்தது. அதைக் கவனித்து மெஷினை நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். கிரீஸ் காய்ந்து பேரிங் தேய ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் பேரிங் இறுகி, ஷாஃப்ட் போயிருக்கும், பக்கத்தில் நின்றவனுக்கும் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. "இந்தத் தாள்ல ஏறுதா இறங்குதான்னுதான் நாங்க பாக்குறது தம்பி. நீ பொய்யா 61 போட்டா அது நல்லா இருக்குன்னு நெனச்சுக்கிட்டு நான் பக்கத்துல போய் நிப்பேன்."

அன்றிலிருந்து கடைசி நாள் வரைக்கும் ஒரு கட்டம்கூட நான் பார்க்காமல் எழுதவில்லை.

இதில் சூப்பர்வைசர் மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கு ஆசைதான். காரணம் சொல்லியிருந்தால் செய்திருப்பேன் என்று. பாதி உண்மை. காரணம் தெரியாவிட்டாலும் பொய் எழுதியது என் கைதானே? தெரியவில்லை என்றால் இன்னொரு தரம் கேட்டிருக்கலாம், வேறு யாரிடமாவது கேட்டிருக்கலாம். நாம பாதிப் பேர் கேட்கமாட்டோம். ஒரு தரம் முகத்தைச் சுளித்தால் போதும், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். அப்புறம் பேப்பர் போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போனை ஆஃப் பண்ணிவிடுவோம். ஆஃபரை ஒத்துக்கொண்டு சேரும் நாளில் வராமல் இருப்பவர்களும் நம்மில் உண்டு. அந்த ஒருத்தரால் அடுத்த வருஷம் அந்தக் கம்பெனி நம்ம காலேஜ் பக்கம் தலைவைத்துப் படுக்காது. தப்பைச் சுட்டிக்காட்டினால் அதை "டாக்ஸிக்" என்று எழுதி ஸ்டேட்டஸ் வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். நிஜமாகவே விஷமான ஆபீஸ்கள் இருக்கு. அதனாலேயே அந்த வார்த்தையைக் கண்டதுக்கும் செலவழிக்கக் கூடாது.

அந்த சூப்பர்வைசரைப் பற்றியும் பிறகு யோசித்தேன். ஒரு மாசத்துக்கு ஒரு செட் இன்டர்ன்கள் வருகிறார்கள், சர்ட்டிஃபிகேட் வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஒவ்வொரு செட்டுக்கும் முதலிலிருந்து பேரிங் கதை சொல்ல அவருக்கு யார் நேரம் கொடுத்தது? அவருக்கு மேலே இருப்பவர் அவரிடம் "என்ன கஷ்டம்?" என்று கேட்டிருப்பாரா? ஒரு வேளை அவரும் இருபது வயதில் "கேள்வி கேக்காத" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவராக இருக்கலாம். ஹாஸ்டல் ராகிங் மாதிரி. வாங்கினவன் கொடுப்பான். நான் அந்தத் தம்பியை எல்லார் முன்னாலும் சொன்னேனே, அது எனக்கு எங்கிருந்து வந்தது? என் சீனியர் ஒருத்தர் செகண்ட் இயரில் என்னைச் சொன்ன அதே டயலாக். ராத்திரி ஒன்பது மணிக் கணக்கு உட்பட. நான் ஹாஸ்டலில் இருந்தேன், அதனால் ஒன்பது வரை இருக்க முடிந்தது. ஈடுபாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

ஆகவே இந்த வருஷம் ஒன்று செய்தோம். புது டீம் சேர்ந்ததும் முதல் மீட்டிங்கில் ஒரு தாளைச் சுற்ற விட்டோம். பேர், என்ன செய்யப் பிடிக்கும், ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு. மூணே கேள்வி. கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டுப் பசங்க சிரிச்சாங்க. ஆனால் எழுதினாங்க. பதினாலு பேரில் ஆறு பேருக்கு ஏழு மணிக்குள் கடைசி பஸ். ஒருத்தி, "பஸ் இருக்கு, ஆனா ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் தெருவிளக்கு இல்லை" என்று எழுதியிருந்தாள். இன்னொருத்தன் சாயங்காலம் ஹோட்டலில் பார்ட் டைம் வேலை பார்க்கிறான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு வருஷமாக ஒரே பில்டிங்கில் இருக்கோம்.

மீட்டிங்கை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றிவிட்டோம். பன்னிரண்டே முக்கால், கேன்டீன் பக்கத்து வேப்பமரத்தடி, டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே. சுத்தமாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். பாதிப் பேச்சு யார் டப்பாவில் என்ன குழம்பு என்பதிலேயே போய்விடும். இரண்டு பேர் சொன்ன வேலையைச் செய்யவில்லை. அவங்களுக்கு எந்தப் பஸ் பிரச்சினையும் இல்லை, சும்மா செய்யவில்லை. தனியாகக் கூப்பிட்டு இரண்டு தரம் பேசினேன். ஒருத்தன் திருந்தினான், இன்னொருத்தனை டீமிலிருந்து எடுத்துவிட்டேன். கேட்பது ஒரு பக்கம், கண்டிப்பு ஒரு பக்கம், அதுவும் வேணும்தான்.

அரிமளம் தம்பிதான் இந்த வருஷம் கோஆர்டினேட்டர். நான் போய்க் கேட்டபோது உடனே சரி என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தான். "அண்ணே, நாலு ஐம்பதுக்குக் கிளம்பிடுவேன், பரவாயில்லையா?" என்றான். போன வருஷம் நான் சொன்னதற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே" என்றான். ஷீட்டை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டதற்கு, ஒரு செகண்ட் இயர் பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எந்தக் காலத்தை ஏன் போட்டிருக்கிறான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் அன்றைக்குத்தான் அந்த ஷீட் முழுசாகப் புரிந்தது.